கட்ட வேண்டாத கடன்

கேள்வி:

நாங்கள் இருளர். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நான் விடுதியில் தங்கி நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா, அம்மா, 12 வயதுத் தம்பி மூன்று பேரும் திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கல் அறுக்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்காக மேஸ்திரி மூலம் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு சீசன் முடிந்துவிட்டது. இப்போது 78,000 பாக்கி என்கிறார் முதலாளி. ஆயிரம் கல்லுக்கு 650 ரூபாய் என்று பேச்சு. கையில் கொடுப்பது சனிக்கிழமை 1,000 ரூபாய் செலவுக் காசு மட்டும்தான். மீதி கடனில் கழிகிறது என்கிறார், கணக்கு நோட்டைக் காட்டுவதில்லை. மழைக்காலத்தில் சூளை நின்றாலும் ஊருக்கு விடுவதில்லை, அவருடைய தோப்பில் வேலை வாங்குகிறார். போன மாதம் பாட்டி இறந்தபோது அப்பாவை மட்டும் ஒரு நாள் அனுப்பினார். அம்மாவையும் தம்பியையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார். ஆதார், ரேஷன் அட்டை எல்லாம் அவரிடம். வெற்றுப் பத்திரத்தில் அப்பாவின் கைரேகையும் இருக்கிறது. ஓடினால் திருட்டுக் கேஸ் போடுவேன் என்கிறார். ஆனால் அவர் யாரையும் அடித்ததில்லை, பூட்டி வைத்ததும் இல்லை. "வாங்கின கடன்தானே, கட்டிவிட்டு வரவேண்டியதுதான்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இதைக் கொத்தடிமை என்று சொல்ல முடியுமா? படிப்பை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்க் கடனை அடைக்கட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

படிப்பை விடாதீர்கள். அந்த 78,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அப்படி ஒரு கடனே சட்டத்தின் கண்ணில் கிடையாது. உங்கள் அப்பா, அம்மா, தம்பி மூவரும் கொத்தடிமைகளாக இருக்கிறார்கள். அவர்களை மீட்பது உங்கள் மாவட்டத்துக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் உள்ள அரசு அதிகாரிகளின் கடமை. அதைச் செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

அடிக்கவில்லை, பூட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தயக்கத்தால்தான் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கின்றன. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையும் சவுக்கையும் தேடவில்லை. முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் வேலை செய்ய நேர்ந்து, அதன் விளைவாகக் கீழே சொல்லும் நான்கில் எதை இழந்தாலும் அது கொத்தடிமை முறைதான் என்கிறது: நியாயமான கூலி, வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம், விரும்பிய இடத்துக்குப் போய்வரும் சுதந்திரம், தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கும் பறிபோக வேண்டியதில்லை, ஒன்று போதும். உங்கள் வீட்டில் மூன்று போயிருக்கிறது.

கூலி விஷயத்தில் முதலாளி வாதாடுவார். ஆயிரம் கல்லுக்கு 650 கொடுக்கிறேன், கடனில் கழிக்கிறேன், கூலி கொடுக்காமல் இல்லையே என்பார். கணக்கு நோட்டு அவர் கையில் இருப்பதால் விசாரணையில் இது இழுபறியாகும். ஆகவே கூலியை முதலில் வைக்காதீர்கள். பெற்ற தாயோ மாமியாரோ இறந்த வீட்டுக்கு உங்கள் அம்மாவால் வர முடியவில்லை. அப்பா திரும்பி வருவதற்குப் பிணையாக மனைவியையும் பிள்ளையையும் நிறுத்தி வைத்திருக்கிறார் முதலாளி. சூளை ஓடாத மாதங்களில்கூட வேறு இடத்தில் வேலை தேட விடவில்லை. இதற்கு எந்த நோட்டும் பதில் சொல்ல முடியாது. மனுவின் முதல் பத்தியில் பாட்டியின் இறப்பையும் அந்தத் தேதியையும் எழுதுங்கள்.

அரசியல் சாசனத்தின் 23-ஆவது கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அரசுக்கு எதிராக மட்டுமல்ல, தனியார் முதலாளிக்கு எதிராகவும் செல்லுபடியாகும் அடிப்படை உரிமை அது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் ஈடுபட்ட தொழிலாளர்களுக்காக மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் தொடுத்த வழக்கில், 'கட்டாயம்' என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு அது. பசியும் வறுமையும் வேறு வழியில்லாத நிலையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அதுவே கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். அடுத்து ஹரியானா கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கின் தீர்ப்பு வந்தது. கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால், அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் வேலை என்றது. 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவும் இதே வழியில்தான் போகிறது: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. படிக்காத உங்கள் அப்பா கணக்கு காட்ட வேண்டியதில்லை.

கடனைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாங்கினால் கொடுக்க வேண்டும் என்ற நாணயம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. உங்கள் பெற்றோரைச் சூளையில் கட்டி வைத்திருப்பதும் பெரும்பாலும் அந்த நாணயம்தான். முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே நாணயத்தின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆயிரம் கல்தான் அறுக்கிறார்கள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாளுக்கு 3,900 ரூபாய். செலவுக் காசு 1,000 போக மீதி 2,900. பதினெட்டு வாரத்தில் 52,200. வாங்கிய ஐம்பதாயிரம் முதல் சீசனிலேயே தீர்ந்துவிட்டது. தம்பி மண் குழைத்ததையும் பச்சைக்கல் திருப்பியதையும் தோப்பு வேலையையும் இதில் நான் சேர்க்கவே இல்லை. உங்கள் பெற்றோர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள்தான் முதலாளியிடமிருந்து பெற வேண்டியவர்கள். ஊருக்கு வந்ததும் இந்தக் கணக்கை அப்பாவுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். மீட்கப்பட்ட பிறகும் "பாக்கியை வைத்துவிட்டு வந்துவிட்டோமே" என்ற குறுகுறுப்பில் திரும்பவும் சூளைக்குப் போனவர்கள் உண்டு.

சட்டம் இந்த நாணயக் கணக்குக்கும் மேலே போகிறது. உண்மையிலேயே பாக்கி இருந்தாலும்கூட, 6-ஆவது பிரிவின்படி கொத்தடிமைக் கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கருதப்படும். அதைக் கேட்டு எந்த சிவில் நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. தீர்ந்துபோன கடனுக்கென்று பணம் வாங்கினால் வாங்கியவருக்கு 9-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. கைரேகை வைத்த பத்திரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது செல்லாது. அப்படியும் அவர் வழக்குப் போட்டால், தொழிலாளியின் சார்பில் அதை எதிர்கொள்வது மாவட்ட, கோட்டக் கண்காணிப்புக் குழுவின் கடமை என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தக் குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். பட்டியல் சாதி, பழங்குடி மக்களிலிருந்து மூவர் அதில் இருந்தாக வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நர்சாக வேலைக்குச் சேரும்போது உங்களுக்கே பயன்படும். முதலாளியிடம் முன்பணம் வாங்குவது குற்றமல்ல. வாங்கிய பணத்தைக் கூலியில் கழிப்பதும் குற்றமல்ல. போக நினைக்கிறவரைப் போகவிடாமல் அந்தப் பணத்தைக் கொண்டு பிடித்து நிறுத்துவதுதான் குற்றம். பயிற்சிக்குச் செலவழித்தோம், மூன்று ஆண்டுக்குள் போனால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று வங்கிகளும் கம்பெனிகளும் எழுதி வாங்கும் 'பாண்டு' வேறு வகை. 2025-இல் விஜயா வங்கி வழக்கில் அப்படி ஒரு நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. அங்கேயும்கூடப் பணத்தைத்தான் கேட்க முடியும். வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஒருவரை உட்கார வைக்காது. எந்த ஆஸ்பத்திரியாவது உங்கள் அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது.

இரவோடு இரவாக ஓடிவரச் சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐ அழைக்கலாம், அது வேறு. ஓடி வந்தவர்களைக் கொத்தடிமை என்று பிறகு நிறுவுவது கடினம். முதலாளி முந்திக்கொண்டு திருட்டுப் புகார் கொடுப்பார். அதே சூளையில் வேறு குடும்பங்கள் இருந்தால் அவர்களுக்குக் காவல் கூடிவிடும். அவர்கள் அங்கே வேலையில் இருக்கும்போதே அதிகாரிகள் போய்ப் பார்ப்பதுதான் வலுவான சாட்சி.

மனுவை நீங்களே எழுதலாம், வக்கீல் தேவையில்லை. முக்கியமாக, சூளை இருக்கும் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத வேண்டும். விழுப்புரத்தில் கொடுத்தால் கோப்பு ஊர் சுற்றும், அதற்குள் விஷயம் கசியும். விழுப்புரம் ஆட்சியருக்கு நகல் அனுப்புங்கள், வந்த பிறகு மறுவாழ்வு அங்கேதான். அந்தக் கோட்டத்தின் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியோருக்கும் நகல் போகட்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் கொடுத்து ரசீது எண் வாங்கலாம். ஆனால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சூளைப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். இரு தரப்பையும் கூப்பிட்டு "பாதியைக் கட்டு, அனுப்பி வைக்கிறேன்" என்று பேசி முடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிப் பணம் வாங்குவதே சட்டப்படி குற்றம்.

மனுவில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். யார், எந்தத் தேதியில், யார் மூலம், எவ்வளவு முன்பணம் வாங்கிப் போனார்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்குகிறார்கள், எத்தனை மணிக்கு முடிகிறது. வாரம் எவ்வளவு கையில் வருகிறது. எப்போதெல்லாம் ஊருக்குக் கேட்டு மறுக்கப்பட்டது. என்னென்ன அட்டைகள் யாரிடம் உள்ளன. சூளை இருக்கும் இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்து அச்செடுத்து இணையுங்கள். அப்பா போனில் பேசியது பதிவாகி இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். முக்கியமான இன்னொன்று, தம்பியின் வயதுச் சான்று.

அதிகாரிகள் சூளைக்குப் போகும் நாளில் நடக்கும் விசாரணைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முதலாளியும் மேஸ்திரியும் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தொழிலாளியும் உண்மை சொல்ல மாட்டார். தனி இடத்துக்கு அழைத்துப்போய் விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். அப்பா அம்மாவிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள். பயத்தில் நம் மக்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "கடனை அடைச்சிட்டுப் போயிடறோம் சாமி." அதை எழுதிக்கொண்டு, இது கடன் தகராறு, கொத்தடிமை அல்ல என்று கோப்பை மூடிவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்: ஊருக்குப் போகக் கேட்டோம், விடவில்லை.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் வந்த அதிகாரியின் காலில் விழும் படம் நாடெங்கும் வெளியானது. கும்பிட வேண்டிய அவசியம் அந்தப் பெரியவருக்கு இல்லை. 1976 சட்டத்தின் 12-ஆவது பிரிவு, கொத்தடிமை முறை எங்காவது நடக்கிறதா என்று விசாரிப்பதையும், நடந்தால் உடனே ஒழிப்பதையும் ஆட்சியரின் கடமையாக வைத்திருக்கிறது. சலுகையாகக் கேட்காதீர்கள்.

மீட்டவுடன் வேனில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் வேனில் ஏற வேண்டாம். அந்தத் தாள் இல்லாமல் உதவித்தொகை இல்லை, கடன் ரத்து என்பதற்கு ஆதாரமும் இல்லை. குடும்பத்துக்கு ஒன்று என்று தந்தால் ஏற்காதீர்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. உழைத்தவர்கள் மூன்று பேர். பெயர், வயது, தந்தை பெயர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு.

முதல் தகவல் அறிக்கை எந்தப் பிரிவுகளில் பதிவாகிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. 1976 சட்டத்தின் 16, 17, 18-ஆவது பிரிவுகளில் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும்தான். அந்த 2,000 ரூபாய் அரை நூற்றாண்டாக மாறவில்லை. குற்றமும் ஜாமீனில் விடக்கூடியது. முதலாளி அன்று மாலையே வெளியே வந்துவிடுவார். நாடாளுமன்றம் எப்போதோ திருத்தியிருக்க வேண்டிய இடம் இது. அதுவரை மற்றச் சட்டங்களைச் சேர்த்துப் பதியச் சொல்வதுதான் வழி. முதலாளி பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவர் இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு நேரடியாகப் பொருந்தும்: பழங்குடியினரைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது அதில் தனிக் குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, முன்ஜாமீன் கிடையாது, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணமும் உண்டு. பணம் கொடுத்து ஆசைகாட்டிச் சுரண்டலுக்கு ஆள் சேர்த்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவில் ஆள்கடத்தலாகும். மேஸ்திரியையும் அது பிடிக்கும். தம்பியைப் பிடித்து வைத்து வேலை வாங்கியதற்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால் பழைய சட்டம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொகுப்புக்குள் போனது உண்மை. 1976 சட்டம் தனியாக நிற்கிறது.

பண உதவி பற்றி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி, மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். வழக்கு முடியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் ஆண் தொழிலாளிக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு மூன்று லட்சம். ஆனால் இந்தப் பெரிய தொகையை வழக்கின் தீர்ப்போடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வழக்கு பல ஆண்டு நடக்கும், சாட்சி சொல்லப் பணமில்லாமல் குடும்பம் அலைக்கழியும். மறுவாழ்வு இல்லாத விடுதலை அவர்களைத் திரும்பவும் அதே இடத்தில்தான் தள்ளும் என்று 1984-இல் நீரஜா சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. இன்றைக்கும் அதே நிலைதான். ஆகவே பெரிய தொகையை நம்பி உட்காராமல், வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், பழங்குடியினர் நலவாரிய உறுப்பினர் அட்டை, ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை இவற்றுக்கு வந்த வாரமே மனுப் போடுங்கள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு சொந்தமாகவே செங்கல் சூளை நடத்தியிருக்கிறார்கள். தொழில் நம் ஆட்கள் கையில் எப்போதும் இருந்தது. அவர்களிடம் இல்லாதிருந்தது முதல் போட ஒரு தொகையும் நிலமும்தான்.

ஆட்சியர் அலுவலகம் அசையவில்லை என்றால் நேராக சென்னை உயர் நீதிமன்றம் போகலாம், மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று யோசிக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வக்கீலுக்கு உரியவர்களைப் பட்டியலிடும்போது பழங்குடியினர், பெண்கள், குழந்தைகளோடு கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் உங்கள் மாவட்ட ஆணைக்குழுவோடு இணைப்பார்கள்.

தம்பிக்காக ஒரு வேலையை நீங்கள் இப்போதே தொடங்கலாம். ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, அவன் எந்த வகுப்பில் நின்றான் என்று கேட்டு வையுங்கள். 14 வயது வரைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அவனுக்குப் பொருந்தும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்றோ, வருடத்தின் நடுவில் வந்திருக்கிறான் என்றோ எந்த அரசுப் பள்ளியும் அவனைத் திருப்பி அனுப்ப முடியாது.